அட்டவணையை உரைக்கோப்பாக எழுதும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் பைத்தானில் எழுதிய ஒரு சிறு நிரல்தான் கோப்பாக எடுத்துத் தருகிறது. வரிசை எண், பகுப்பு எண், ஐஎஸ்பிஎன், விலை, தலைப்பு, ஆசிரியர் என்று ஆறு நெடுவரிசை. அந்தக் கோப்பை நூலகர் அச்செடுத்துப் பலகையில் ஒட்டுவார், வாசகர் வட்டத்தினர் கைபேசியில் படிப்பார்கள், இன்னொருவர் எக்செலில் திறந்து கணக்குப் பார்ப்பார். இந்த மூன்று பேருக்கும் சரியாகப் போய்ச் சேரும்வரை நான் பட்ட பாடுகளைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று. கோளாறு கோப்பில் இருக்கிறதா, கோப்பைத் திறந்த செயலியில் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். எக்செலில் திறந்து பார்த்து முடிவு கட்டாதீர்கள். எக்செல் திறக்கும்போதே தன் இஷ்டத்துக்கு மதிப்புகளை மாற்றிவிடும். நோட்பேட் போன்ற வெறும் உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் உங்கள் நிரலில் குற்றமில்லை.

நடுவில் மூன்று புள்ளி இருக்கிறது, பாதி வரிகளைக் காணோம்

பாண்டாஸ் (அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் தொகுப்பு) தரும் டேட்டாஃபிரேம் என்ற அட்டவணையை பிரிண்ட் ஆணையால் அப்படியே கோப்புக்குள் அனுப்பியிருப்பீர்கள், அல்லது எஸ்டிஆர் போட்டு உரையாக்கி எழுதியிருப்பீர்கள். பிரிண்ட் என்பது திரையில் எட்டிப் பார்ப்பதற்கான வழி. 60 வரிக்கு மேல் போனால் முதல் 5 வரி, கடைசி 5 வரி மட்டும் காட்டி நடுவை விழுங்கிவிடும். ஒரு கட்டத்தில் 50 எழுத்துக்கு மேல் இருந்தால் அதையும் வெட்டி மூன்று புள்ளி வைக்கும். அகலம் 80 எழுத்தைத் தாண்டினால் நெடுவரிசைகளை மடித்துக் கீழே போட்டுவிடும்.

இதற்காகக் காட்சி அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். டு_ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன் எதையும் வெட்டாமல் முழு அட்டவணையையும் உரையாகத் தரும். இன்டெக்ஸ் என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்தால், இடது ஓரத்தில் யாருக்கும் தேவையில்லாமல் நிற்கும் 0, 1, 2 வரிசையும் போய்விடும். இந்த அறிகுறிக்கு இவ்வளவுதான் மருந்து.

யூனிகோட் எரர் காட்டி நிரல் நின்றுவிடுகிறது

விண்டோஸில்தான் இது அதிகம். எரர் செய்தியில் 'சார்மேப்' என்ற சொல் இருக்கும். நீங்கள் ஓப்பன் என்று மட்டும் எழுதி, எந்தக் குறிமுறையில் (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறை, அதாவது என்கோடிங்) எழுத வேண்டும் என்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள். சொல்லாவிட்டால் பைத்தான் கணினியின் வட்டார அமைப்பைப் பார்க்கும். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் அது விண்டோஸ்-1252. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அந்தப் பட்டியலில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அதனால் முதல் தமிழ் எழுத்திலேயே நின்றுவிடுகிறது.

ஓப்பன் செய்யும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் என்பதற்கு, யூனிகோட் எழுத்துகள் எல்லாவற்றையும் எழுதவல்ல யுடிஎஃப்-8 என்று எழுதிக் கொடுங்கள். எழுதும்போது மட்டும் அல்ல, படிக்கும்போதும். லினக்ஸிலும் மேக்கிலும் சொல்லாமலே இது நடந்துவிடுவதால், அங்கே எழுதிய நிரலை விண்டோஸுக்குக் கொண்டு வந்ததும் உடைகிறது. பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து எல்லா இடத்திலும் யுடிஎஃப்-8தான் இயல்பு என்று முடிவாகியிருக்கிறது. ஆனாலும் எழுதியே கொடுத்துவிடுங்கள், பழைய பதிப்பு ஓடும் கணினிகள் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும்.

படிக்கும்போது வரும் எரரில் ஒரு சுவையான துப்பு உண்டு. '0எக்ஸ்8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை' என்கிற பொருளில் செய்தி வந்தால், கோப்பு நல்ல யுடிஎஃப்-8 தமிழ்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தமிழ்ப் புள்ளி யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டாக எழுதப்படும், அதில் கடைசி பைட் இந்த 8டி. விண்டோஸ்-1252 பட்டியலில் அந்த இடம் காலி. ஆக, புள்ளி வைத்த முதல் எழுத்தில் நிரல் தடுக்கி விழுந்திருக்கிறது. கோப்பைக் குறை சொல்லாமல் ஓப்பன் வரியைத் திருத்துங்கள்.

இந்த எரரை வாயடைக்க, எரர்ஸ் என்பதற்கு இக்னோர் அல்லது ரிப்ளேஸ் கொடுக்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நிரல் ஓடிவிடும், தமிழ் போய்விடும்.

எக்செலில் தமிழ் கண்டபடி சிதைந்து வருகிறது

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதோ ஒரு குறி. இதே கும்பல் திரும்பத் திரும்ப வந்தால் அது தமிழேதான். தமிழ் எழுத்துகள் எல்லாமே யுடிஎஃப்-8இல் 0எக்ஸ்இ0 என்ற பைட்டில் தொடங்கும். விண்டோஸ்-1252 என்ற பழைய பட்டியலில் அந்த பைட்டுக்குரிய எழுத்துதான் அந்தத் தலைக்கோட்டு 'ஏ'. கோப்பு நலமாக இருக்கிறது, எக்செல்தான் தவறான கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறது.

குறிமுறையின் பெயரை 'யுடிஎஃப்-8-சிக்' என்று மாற்றி எழுதுங்கள். கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்று சேரும், எக்செல் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். கோப்பை மாற்ற வழியில்லை, யாரோ அனுப்பியது என்றால், இரட்டைச் சொடுக்கால் திறக்காமல் எக்செலின் டேட்டா பட்டியில் உள்ள 'உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து' (சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் கமாவால் பிரித்த உரைக்கோப்பு) என்ற வழியாகப் போய், மூலக் குறிமுறையாக 65001 (யுடிஎஃப்-8) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அந்த அடையாளம் இன்னொரு பக்கம் வம்பு செய்யும். அதே கோப்பைப் பைத்தானின் சிஎஸ்வி தொகுதியால் சாதாரண யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால், முதல் நெடுவரிசையின் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். 'எண்' என்ற தலைப்பு திரையில் தெரிகிறது, ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் இல்லை என்று கீ எரர் வருகிறது. நான் இதில் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன். எழுதிய அதே குறிமுறைப் பெயரைப் படிக்கும்போதும் கொடுத்தால் சரியாகிவிடும்.

தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறியாக இருந்தால் நிலைமை வேறு. அது சிதைவு இல்லை, இழப்பு. யாரோ எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்திருப்பார்கள். அங்கேயே 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனி வகை உண்டு, அதைத் தேர்ந்திருக்க வேண்டும். கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க முடியாது, மூலத் தரவிலிருந்துதான் திரும்ப எடுக்க வேண்டும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. எங்களுக்கு நன்கொடைப் புத்தகங்களோடு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பட்டியலில் தலைப்பெல்லாம் சாதாரண ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் கோத்து நின்றன. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அங்கே தமிழ் என்பது எழுத்துருவின் படத்தில் மட்டும்தான் இருக்கிறது, கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்தேதான். என்கோடிங் மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் பாமினி, டிஸ்கி போன்ற பழைய முறைகளை யூனிகோடுக்கு மாற்றும் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. அதில் மாற்றிவிட்டு, ஒரு பக்கமாவது கண்ணால் சரிபார்த்த பிறகு உங்கள் அட்டவணையில் சேருங்கள்.

தமிழ் இருக்கும் வரியெல்லாம் கோணலாக நிற்கிறது

நான் அதிக நாள் மல்லுக்கட்டியது இதோடுதான். ஆங்கிலத் தலைப்புகள் சிப்பாய் போல நேராக நிற்கும், தமிழ் வந்ததும் அடுத்த நெடுவரிசை முன்னும் பின்னும் அலையும்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். 'மரம்', 'கொக்கு' இரண்டுக்கும் நீளம் கேளுங்கள். நம் கண்ணுக்கு இரண்டுமே மூன்றெழுத்து. பைத்தான் மரத்துக்கு 4 என்கிறது, கொக்குக்கு 6 என்கிறது. ஒகர உயிர்க்குறி, புள்ளி, உகரக் குறி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் வருவது. 10 இடத்துக்கு நிரப்பு என்று எல்ஜஸ்ட்டிடம் சொன்னால் மரத்துக்குப் பின் 6 வெற்றிடமும் கொக்குக்குப் பின் 4 வெற்றிடமும் வைக்கும். கோணல் இங்கே பிறக்கிறது.

எழுத்தை நாமே எண்ணிக்கொள்ளலாம். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் ஓர் எழுத்தின் வகையைக் கேட்கலாம். உயிர்க்குறிகளும் புள்ளியும் 'எம்' என்று தொடங்கும் வகையில் வரும். அவற்றை விட்டுவிட்டு மற்றதை எண்ணினால் கொக்கு 3, மரம் 3. வேண்டிய அகலத்தில் இதைக் கழித்து மீதிக்கு வெற்றிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டும் மட்டும் இந்தக் கணக்கில் இரண்டாக வரும். ஓப்பன்-தமிழில் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தரும் கெட்_லெட்டர்ஸ் என்ற ஃபங்ஷனும் இருக்கிறது.

இதைச் செய்தபின் கோணல் பெருமளவு குறையும். ஆனால் முழுக்கப் போகாது. நோட்பேடில் நீங்கள் எந்தச் சம அகல எழுத்துருவை வைத்திருந்தாலும் அதில் தமிழ் இருப்பது அரிது, விண்டோஸ் தமிழுக்கு மட்டும் நிர்மலா போன்ற வேறோர் எழுத்துருவைக் கடன் வாங்குகிறது. அதில் 'ர' ஒரு அகலம், 'ணை' வேறு அகலம், 'ஞௌ' இன்னும் வேறு. வெற்றிடத்தை எண்ணி வைத்து இந்த எழுத்துகளை ஒரே கோட்டில் நிறுத்த முடியாது. எவ்வளவு நுட்பமாக எண்ணினாலும் முடியாது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது.

தமிழ் நெடுவரிசை ஒன்றுதான் என்றால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எங்கள் பட்டியலில் வரிசை எண், பகுப்பு எண், ஐஎஸ்பிஎன், விலை நான்கும் முன்னால் சம அகலத்தில் நேராக நிற்கின்றன. தலைப்பு அவற்றுக்குப் பின் வருகிறது. அதன் வலது ஓரம் எங்கே முடிந்தால் என்ன, அதற்கு அப்பால் நேராக நிற்க வேண்டியது எதுவும் இல்லை. ஆசிரியர் பெயரைத் தலைப்பை அடுத்து ஒரு சிறு கோடு போட்டு அதே இடத்தில் சேர்த்துவிட்டேன். அன்றிலிருந்து நூலகர் ஒரு குறையும் சொல்லவில்லை.

இரண்டு மூன்று தமிழ் நெடுவரிசை கட்டாயம் வேண்டும் என்றால், நடுவில் டேப் எழுத்தை வைத்து எழுதுங்கள். லிப்ரேஆஃபிஸ் ரைட்டரில் ஒட்டி, உரையை அட்டவணையாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் கோடு போட்ட அட்டவணையாக அச்செடுக்கலாம். கைபேசியில் படிப்பவர்களுக்கோ அட்டவணையே வேண்டாம் என்பது என் கருத்து. குறுகிய திரையில் ஆறு நெடுவரிசை மடிந்து மடிந்து கீழே விழும். அவர்களுக்கு ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு சிறு பத்தியாக, 'தலைப்பு:' ஒரு வரி, 'ஆசிரியர்:' ஒரு வரி, 'இடம்:' ஒரு வரி, பிறகு ஒரு வெற்று வரி என்று எழுதிக் கொடுக்கிறேன். நிரலில் நாலு வரி வேலை.

வரியின் தொடக்கத்தில் புள்ளி வட்டம் வருகிறது

நீளமான தலைப்பை முதல் 30 எழுத்து என்று வெட்டியிருப்பீர்கள். வெட்டு உயிர்மெய்யின் நடுவில் விழுந்து, மெய் ஒரு வரியிலும் அதன் உயிர்க்குறி அடுத்த வரியிலும் போய்விட்டது. பற்றிக்கொள்ள மெய் இல்லாத குறியைத்தான் அந்தப் புள்ளி வட்டத்தோடு காட்டுகிறார்கள். மேலே சொன்ன கெட்_லெட்டர்ஸில் பிரித்து, அந்தப் பட்டியலை வெட்டிச் சேருங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் அடுத்து ஒரு வெற்று வரி

சிஎஸ்வி தொகுதி தானே வரி முடிவை முழுதாக எழுதும். விண்டோஸில் ஓப்பன் அதன்மேல் இன்னொரு முடிவைச் சேர்க்கும். ஓப்பனில் நியூலைன் என்பதற்கு வெற்று மேற்கோளைக் கொடுத்தால் நின்றுவிடும்.

சில வரிகளில் மட்டும் மதிப்புகள் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கின்றன

மதிப்புக்குள்ளேயே பிரிப்பான் இருக்கிறது. ஜாயின் போட்டுக் கமாவால் கோத்து எழுதியவர்களுக்கு இது கட்டாயம் வரும். முகவரியில் 'கதவு எண் 12, கிழக்குத் தெரு' என்று இருக்கும், விலையில் '1,250' என்று இருக்கும்.

நூலகக்காரர்களுக்கு இதில் கூடுதல் சோதனை. எங்கள் நூலகம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் உருவாக்கி 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையைப் பின்பற்றுகிறது. அதில் தமிழ் நாவல் என்றால் 'ஓ31,3' என்று எண் வரும். நடுவில் இருப்பது கமா. சரி, கமா வேண்டாம், அரைப்புள்ளியால் பிரிக்கலாம் என்று மாற்றினேன். அந்த முறையில் அரைப்புள்ளிக்கும் ஒரு பொருள் உண்டு, முக்காற்புள்ளிக்கும் உண்டு, ஒற்றை மேற்கோளுக்கும் உண்டு. பொருளின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிறுத்தக்குறி என்பதே அந்த முறையின் அழகு. நிரலில் பிரிப்பானாக நாம் வழக்கமாக எடுக்கும் குறிகள் பெரும்பாலும் அங்கே வேலையில் இருக்கின்றன.

ஆகவே, வேறு பிரிப்பானைத் தேடி ஓடாமல் எழுதுவதை சிஎஸ்வி தொகுதியிடமோ பாண்டாஸின் டு_சிஎஸ்வியிடமோ விட்டுவிடுங்கள். பிரிப்பான் உள்ள மதிப்பை அவை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கும், மேற்கோளே உள்ளே இருந்தால் அதை இரட்டிப்பாக்கி எழுதும். படிக்கும்போதும் ஸ்பிலிட் போட்டு உடைக்காமல் அதே தொகுதியால் படியுங்கள். டேப்பால் பிரிக்கிறீர்கள் என்றால் மதிப்புகளுக்குள் டேப்போ வரி முறிவோ இருந்தால் முன்கூட்டியே வெற்றிடமாக மாற்றிவிடுங்கள். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த தலைப்புகளில் அவை ஒளிந்திருக்கும்.

எண்கள் மாறிவிட்டன

எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் தெரியும்.

அஞ்சல் குறியீடு 638001.0 என்று வருகிறதா? அந்த நெடுவரிசையில் எங்கோ ஒரு கட்டம் காலி. காலியைக் குறிக்க வேண்டி பாண்டாஸ் முழு நெடுவரிசையையும் தசம எண்ணாக்கிவிட்டது. கணக்குப் போடத் தேவையில்லாத எண்களை எண்ணாகவே நடத்தக் கூடாது. கோப்பைப் படிக்கும்போதே அஞ்சல் குறியீடு, கைபேசி எண், ஐஎஸ்பிஎன் எல்லாவற்றையும் டிடைப் (தரவு வகை) வழியாக உரை என்று சொல்லிவிடுங்கள். முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் காணாமல் போவதற்கும் இதுதான் தீர்வு.

உரைத் திருத்தியில் 13 இலக்கமும் ஒழுங்காக இருக்கிறது, எக்செலில் 9.78938இ+12 என்று வருகிறதா? எக்செல் 12 இலக்கமும் அதற்கு மேலும் உள்ள எண்ணை இப்படித்தான் சுருக்கிக் காட்டும். அதுவரை சேதமில்லை. ஆனால் அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரிந்த சுருக்கம்தான் கோப்பில் எழுதப்படும். அடுத்த முறை திறந்தால் 9789380000000. எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் 978-93 என்று தொடங்கும் இந்தியப் புத்தகங்கள். ஒரு தன்னார்வலர் விலையை மட்டும் திருத்திச் சேமித்துத் தந்த நாளில் நூற்றுக்கணக்கான ஐஎஸ்பிஎன்கள் இப்படி வால் இழந்தன. புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துப் பின்னட்டையைப் பார்த்து மறுபடி தட்டினோம். அதிலிருந்து எக்செலில் திருத்தப்போகிறவர்களுக்கு சிஎஸ்வி கொடுப்பதே இல்லை. ஐஎஸ்பிஎன்னை உரையாக வைத்த எக்செல் கோப்பையே நேராக எழுதிக் கொடுக்கிறேன்.

கோப்பு காலி, அல்லது கடைசிச் சில வரிகள் இல்லை, அல்லது ஒரே ஒரு வரி

காலியாகவோ வால் அறுந்தோ இருந்தால் கோப்பை மூடாமல் விட்டிருக்கிறீர்கள். எழுதியது நினைவகத்தில் தேங்கி நிற்கிறது. வித் என்று தொடங்கி எழுதினால் அதுவே மூடிவிடும். ஒரே வரி, அதுவும் கடைசி வரி என்றால் சுழற்சிக்குள் ஓப்பன் இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் பழையதை அழித்துப் புதிதாகத் தொடங்குகிறது. பெர்மிஷன் எரர் என்றால் அநேகமாக அந்தக் கோப்பு எக்செலில் திறந்திருக்கும். கோப்பே கண்ணில் படவில்லை என்றால் நிரல் எந்த அடைவில் நின்று ஓடுகிறது என்று ஓஎஸ் தொகுதியின் கெட்சிடபிள்யூடியைக் கேளுங்கள், அங்கே இருக்கும்.

பட்டியலில் கண்ணால் பார்க்கிறேன், தேடினால் கிடைக்கவில்லை

'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒரே ஒகரக் குறி ஒரு விதம். ககரம், எகரக் குறி, ஆகாரக் குறி என்று உடைத்தது இன்னொரு விதம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. வெவ்வேறு விசைப்பலகையில் தட்டிய பட்டியல்களைச் சேர்க்கும்போது இரண்டும் கலந்துவிடும். கோப்பில் எழுதும் முன் எல்லா உரையையும் யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸில் 'என்எஃப்சி' என்று கொடுத்து ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அகரவரிசை தப்பாக இருக்கிறது

பலகையில் ஒட்டிய முதல் பட்டியலைப் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் விரலை வைத்துக் காட்டினார்: 'அகல்' முன்னால் இருக்கிறது, 'அக்கா' பின்னால் போயிருக்கிறது. அகராதியில் மெய்யெழுத்து, அகரமேறிய உயிர்மெய்க்கு முன்னால் வர வேண்டும். யூனிகோடில் புள்ளியின் எண் மற்ற உயிர்க்குறிகளை எல்லாம் தாண்டிப் பின்னால் இருப்பதால், சார்ட் ஆணை அதைக் கடைசியில் தள்ளுகிறது. ன, ற, ழ, ள நான்கும் இதே போல இடம் மாறும். அங்கே னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் வைக்கப்பட்டிருக்கின்றன, நம் நெடுங்கணக்கில் அவை கடைசி இரண்டு.

மொழிவாரியாக வரிசைப்படுத்த உதவும் பைஐசியு தொகுப்பை நிறுவ முடிந்தால் தமிழ் வட்டாரத்துக்கான ஒப்பீட்டு முறையை எடுத்து, அதன் திறவுகோலைச் சார்ட்டுக்குக் கொடுங்கள். நிறுவ முடியாத கணினி என்றால் ஓப்பன்-தமிழில் இரண்டு சொற்களை அகரவரிசைப்படி ஒப்பிடும் ஃபங்ஷன் இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் என்எஃப்சி செய்த பிறகே வரிசைப்படுத்துங்கள். மாற்றிய பட்டியலை ஒட்டியபோது ஆசிரியர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றே படித்தார். 'ஔ'வில் ஒரு புத்தகம்கூட இல்லையே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.